வாப்பா ஒரு குடி, மகன் ஒரு குடி

நாற்பது பேருக்கு மேல் விடைத்தாளில் ஒரே பிழையை எழுதியிருந்தார்கள். தடுமாறி எழுதிய பிழை என்றால் பரவாயில்லை. அடித்துத் திருத்தாமல், சந்தேகமில்லாமல், அடிக்கோடு வேறு போட்டு எழுதியிருந்தார்கள்.

“இதுக்கு எனக்கு ஒரு பதில் வேணும் பஸால்,” என்றார் கச்சிமுகம்மது.

அவர் துறைத் தலைவர். மேசையில் எந்நேரமும் ஒரு தேநீர்க் குடுவை நிற்கும். கவலை வந்தால் அதன் மூடியைத் திறப்பார், மூடுவார். குடிக்க மாட்டார். அன்று மூடி ஓயவேயில்லை.

பஸால் எதிரே நின்றான். அவனுக்கு முப்பத்தொரு வயது. இஸ்லாத்தின் ஆரம்பகால, மத்தியகால வரலாறு படிப்பிக்கும் தற்காலிக உதவி விரிவுரையாளன். தற்காலிகம் என்ற சொல்லுக்கு மூன்று வயதாகிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். மற்றவர்களின் அறைக் கதவில் பித்தளைப் பெயர்ப்பலகை இருந்தது. அவன் கதவில் டேப் ஒட்டிய தாள். காற்றுக் காலத்தில் அது கழன்று பறக்கும். மாணவர்கள் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுப்பார்கள். “சேர், நீங்க கெண்டீனுக்குப் பின்னால கிடந்தீங்க.”

“நபித்தோழர் ஸுபைர் ரழியல்லாஹு அன்ஹு எந்தக் கோத்திரம்?” என்று கேட்டார் தலைவர்.

“குறைஷியில பனூ அஸத், சேர்.”

“பிள்ளையள் என்ன எழுதிரிக்காங்க?”

“பனூ ஹாஷிம்.”

“அவர்ட மகன் அப்துல்லாஹ்?”

“அவரும் பனூ அஸத்தான்.”

“பிள்ளையள்?”

“பனூ தைம்.”

“வாப்பா ஒரு கோத்திரம், மகன் ஒரு கோத்திரம். எந்தப் புத்தகத்தில இப்பிடி இரிக்கி?”

“ஒரு புத்தகத்திலயும் இல்ல சேர். நான் பிழைதான் போட்டிரிக்கன்.”

“நீங்க பிழை போட்டா முடிஞ்சிதா? ஒரே பிழை இத்தின பேருக்கு எப்பிடி வந்த? பார்த்தெழுதாம வருமா? நான் கேக்கல்ல, ஸமட் சேர் கேக்காரு. போன்ல என்ட காது கிழிஞ்சி போச்சி.”

பேராசிரியர் அப்துல் ஸமட் மலைநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் இருந்தார். படிப்பித்தவர் முதலில் திருத்திய விடைத்தாள்களை வெளியே ஒருவர் இரண்டாம் முறை பார்ப்பது வழக்கம். அந்த இரண்டாம் கண் அவர். நாட்டில் எந்த மூலையில் யார் பார்த்தெழுதினாலும் அவருக்குத் தும்மல் வரும் என்று சொல்வார்கள்.

“வியாழக்கிழமை ஆளே நேர வாறாரு,” என்றார் கச்சிமுகம்மது. “பார்த்தெழுதினது உறுதி எண்டா பிள்ளையள்ட வருசம் போகும். மண்டபத்தில நிண்டு பார்த்த ஆள் நீங்க. மாசக் கடைசியோட ஒங்கட ஆறு மாசமும் முடியிது. அவர் ஒரு வரி மோசமா எழுதினா மேல புதுப்பிக்க மாட்டாங்க. நான் என்னத்தச் செய்ய?”

மூடி திறந்து மூடியது.

பஸ்ஸில் வடக்கே திரும்பும்போது பஸால் யோசித்துப் பார்த்தான். பரீட்சை மே மாதம் நடந்தது. வன்னியில் யுத்தம் கடைசி நாட்களில் இருந்தது. அவன் கொடுத்த வினாவும் ஓர் உள்நாட்டுப் போரைப் பற்றியதுதான், ஆயிரத்து முந்நூறு வருடப் பழையது. மண்டபத்தில் ஒருவரும் தலை திருப்பியதாக நினைவில்லை. ஆனால் அவனுடைய நினைவை அவனே நம்புவதில்லை. நாலரை வருடமாக அவன் பார்த்துக்கொண்டிருந்ததில் பாதி அவனுக்குள் போனதில்லை.

நிந்தவூர் தாண்டிச் சோதனைச்சாவடியில் இறக்கினார்கள். யுத்தம் முடிந்து ஒரு மாதம். இறங்கி நடக்கச் சொன்னார்கள், பையைத் திறக்கச் சொல்லவில்லை. ஓர் ஆமிக்காரன் சிரித்தான். பஸ்ஸுக்குள் ஏறியதும், “இவனுக்குப் பல் இரிக்கிறது இப்பதான் தெரியும்,” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். பஸாலும் சிரித்தான். கொஞ்சம் தாமதமாக.

கல்முனையில் அவன் இருந்தது மாமியின் வீட்டில். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவது இந்தக் கரையின் வழக்கம். அவனும் பெட்டியோடு போனான். றுஸ்தாவோடு ஒரு நோன்பும் இரண்டு பெருநாளும் இருந்தான். கடல் வந்த காலையில் அவன் சம்மாந்துறையில் ஒரு நண்பனிடம் புத்தகம் வாங்கப் போயிருந்தான். திரும்பி வந்தபோது தெரு இல்லை. றுஸ்தாவும் இல்லை. இதற்கு மேல் அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களும் இதற்கு மேல் கேட்டதில்லை.

மனைவி போனபின் மருமகனுக்கு அந்த வீட்டில் என்ன வேலை? யாரும் போகச் சொல்லவில்லை. அவனுக்கும் போகத் தோன்றவில்லை. முதலில் கூடாரம், பிறகு தகரக் கொட்டில், இப்போது வீட்டுத்திட்டத்தில் மூன்றாம் மாடி. மாமி சல்மா உம்மா, மாமா அபூசாலி, அவன், மாமியின் கோழிகள். கோழிகளுக்கு மாடிப்படி.

ஒரு மாற்றம் நடந்திருந்தது. கலியாணத்துக்குப் பிறகு மாமி ஒருநாளும் அவன் முன்னால் வந்து கதைத்ததில்லை. மருமகனிடம் மாமி திரைக்குப் பின்னால் நின்றுதான் கதைப்பாள். கூடாரத்தில் திரை கட்ட இடமில்லை. அங்கேதான் அவன் மாமியின் முகத்தை ஒழுங்காகப் பார்த்தான். நல்ல பகிடிக்காரி என்பதும் அங்கேதான் தெரிந்தது. அந்த நாட்களில்கூட, நிவாரணத்தில் வந்த குளிருக்குப் போடும் கம்பளிக் கோட்டை அபூசாலிக்கு மாட்டிவிட்டு, “லண்டனுக்குப் போய் மீன் வாங்கிட்டு வாங்க,” என்றவள்.

பஸால் படியேறினான். ஒரு சேவல் வழிவிட மறுத்தது. தாண்டிப் போனான்.

“முகம் என்ன, புளிச்ச தயிர் மாதிரி இரிக்கி?” என்றாள் மாமி.

சொன்னான். அவள் முழுவதையும் கேட்டாள். கோத்திரப் பெயர்களை அவன் சொல்லவில்லை. பார்த்தெழுதியது, ஸமட் சேர், மாதக் கடைசி. அவ்வளவுதான்.

“அப்ப ஒங்கட வேல போனாலும் போகும்.”

“ஓம் மாமி.”

“போனாப் போகட்டும். நானும் ஒங்களத் தற்காலிகமாத்தானே வச்சிரிக்கன். ஆறு மாசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கன். ஒங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.”

அபூசாலி வெற்றிலைத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். “பளீல் போன் எடுத்தான். விசா இன்னும் இரிக்காம்.”

பளீல் பஸாலின் நானா. டோஹாவில் இருந்தான். அவனுடைய கம்பனிக் களஞ்சியத்தில் தம்பிக்கு ஓர் இடம் பிடித்து வைத்துக்கொண்டு இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பஸால் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. எதையாவது விரும்பினால்தானே எதையாவது மறுக்கலாம்.

அன்று கட்டிலில் கிடந்து ஒன்றைக் கண்டுபிடித்தான். இந்த வேலை போவது அவனுக்குப் பிடிக்கவில்லை. பழைய ஆட்களைப் பற்றி வகுப்பில் கதைக்கும் அந்த ஒரு மணித்தியாலத்தில் மட்டும்தான் அவன் வாயிலிருந்து வருவது அவன் காதுக்கும் கேட்கும். நாலரை வருடத்தில் முதல்முறையாக ஒரு பொருள் போய்விடுமோ என்று பயந்தான். பயம் பழைய கூட்டாளி மாதிரி வந்து உட்கார்ந்தது. ஒருவகையில் நன்றாகவும் இருந்தது.

வியாழக்கிழமை பேராசிரியர் வந்து இறங்கினார். மகியங்கனை வழியாக வந்திருந்தார். அவ்வளவு தூரப் பாதையில் ஒரு சோதனைச்சாவடியில்கூடத் தன்னைச் சந்தேகிக்கவில்லை என்பது அவருக்குச் சந்தேகமாக இருந்தது. மெலிந்த ஆள். தொப்பி நேராக இருந்தது. விடைத்தாள்களைத் தானே சுமந்து வந்திருந்தார்.

விடுமுறைக் காலம். பக்கத்து ஊர்களிலிருந்து நாலைந்து மாணவர்களால்தான் வர முடிந்தது. முதலில் உள்ளே வந்தவள் யதுசா. காரைதீவு இந்துப் பிள்ளை. இஸ்லாமிய வரலாறு எடுத்த மூன்று தமிழ்ப் பிள்ளைகளில் ஒருத்தி. வகுப்பில் முன்வரிசை.

“ஸுபைரைப் பனூ ஹாஷிம் எண்டு எழுதியிருக்கிறீங்க,” என்றார் பேராசிரியர். “யாரைப் பார்த்து எழுதின?”

“ஒருத்தரையும் பார்க்கல்ல சேர்.”

“பின்ன?”

“அவர்ட அம்மா ஹாஷிம் ஆக்கள்தானே.”

“நான் அம்மாவைக் கேட்கல்ல. அவரைக் கேட்டேன்.”

யதுசா அவரைப் பார்த்தாள். பிறகு பஸாலைப் பார்த்தாள். வினா விளங்காத முகம். “அவரத்தான் சேர் நானும் சொல்றன். சேர் படிப்பிச்சதத்தான் எழுதின.”

“நான் அப்பிடிப் படிப்பிக்கல்லயே,” என்றான் பஸால். உண்மையாகவே படிப்பிக்கவில்லை. அவனுடைய குறிப்பில் பனூ அஸத் என்றுதான் இருந்தது.

“படிப்பிச்சீங்க சேர்.”

“பார்த்தீங்களா,” என்றார் பேராசிரியர், கச்சிமுகம்மதைப் பார்த்து. “ஆசிரியரையும் இழுக்கிறாங்க.”

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அதே அமைதியோடு. அந்த அமைதிதான் பேராசிரியரை மேலும் எரித்தது. பொய் சொல்கிறவர்கள் தடுமாற வேண்டாமா? ஒருவன் மட்டும் தடுமாறினான். அவன் பனூ அஸத் என்று சரியாக எழுதியவன், மேற்குக் கரைப் புத்தளத்துப் பையன், நண்பனின் வீட்டில் தங்கி நின்றவன். “எல்லாரும் வேற எழுதினதால எனக்குத்தான் பிழை எண்டு நினைச்சேன் சேர்,” என்றான்.

மதியமாகிவிட்டது. கெண்டீன் பூட்டிக் கிடந்தது. வெளியூரிலிருந்து வந்த மனிதரைச் சாப்பிடாமல் அனுப்பினால் துறைக்கல்ல, ஊருக்கே கேவலம். கச்சிமுகம்மது பஸாலை ஒதுக்குப்புறமாக இழுத்தார்.

“என்ட ஊட்டில மகளுக்கு நேத்துத்தான் புள்ள பொறந்தது. நீங்க கூட்டிட்டுப் போங்க. மாமிக்கு இப்பவே போன் எடுங்க.”

“விடிய வெள்ளாப்பிலயே சொல்லிட்டன் சேர். அவ கோழி புடிச்சிட்டா.”

“வாய நல்லாத் தொறந்து கதைங்க அங்க. வழமை மாதிரிச் செவரு மாதிரி இரிக்காதீங்க.”

மூன்றாம் மாடிக்குப் பேராசிரியர் மூச்சு வாங்க ஏறினார். சேவல் அவருக்கு வழிவிட்டது. பாயில் உட்கார வைத்து, அபூசாலி கை கழுவ நீர் ஊற்றினார். நெய்ச்சோறு, கோழிக்கறி, பாரை மீன் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி. ஒவ்வொன்றும் சமையலறைத் திரையின் கீழால் வந்தது. அந்நிய ஆண் வந்தால் மாமி திரைக்குப் பின்னால்தான். ஆனால் திரை துணியால் ஆனது, குரல் தடைபடுவதில்லை.

“சேர், கொறை நினைக்கப்படாது. ஒரு கேள்வி,” என்றது திரை. “நீங்க என்ன குடி?”

பேராசிரியர் பஸாலைப் பார்த்தார்.

“நம்மட பக்கம் எல்லாருக்கும் ஒரு குடி இரிக்கி சேர்,” என்றார் அபூசாலி. “பள்ளிவாசலைப் பார்க்கிற மரைக்காரை எடுக்கிறது குடிக்கு ஒராள். கலியாணம் பேசினாலும் முதல்ல குடிதான். ஒரே குடிக்குள்ள முடிக்க மாட்டம்.”

“எங்கட ஊரில அது இல்ல,” என்றார் பேராசிரியர்.

“குடி இல்லாத ஊரா?” என்றது திரை. “அப்ப ஒங்களுக்கெல்லாம் உம்மாமார் இல்லையா?”

பேராசிரியர் சிரிக்கவில்லை. கோழிக்கால் நல்லதாக இருந்தது, அதில் கவனமாக இருந்தார். மரியாதைக்காக அபூசாலியிடம் கேட்டார். “நீங்க என்ன குடி?”

“நான் ஓடாவி குடி. இவ மூத்தநாச்சி குடி. எங்கட மகளும் மூத்தநாச்சி.”

“மகள் உங்கட குடி இல்லயா?”

அபூசாலி வந்தவரைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். “எப்பிடி சேர் என்ட குடியாகும்? அவ உம்மாட புள்ளதானே.”

“சரி. உங்கட வாப்பா ஓடாவி குடியா?”

“இல்ல. அவர் வரிசைநாச்சி குடி. என்ட உம்மாதான் ஓடாவி.”

பேராசிரியரின் கை சோற்றுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. நின்ற கையிலிருந்து ஒரு பருக்கை விழுந்தது.

“வாப்பா ஒரு குடி,” என்றார் மெதுவாக. “மகன் ஒரு குடி.”

“ஓம் சேர். ஒலகத்தில எல்லாரும் அப்பிடித்தானே?”

பேராசிரியர் கையைத் தட்டில் வைத்தார். திரைப் பக்கம் திரும்பி, முழு விசாரணைக் குரலில் கேட்டார். “ராத்தா, ஒரு ஆள் இரிக்கார். அவர்ட வாப்பா அஸத் குடி. உம்மா ஹாஷிம் குடி. அவர் என்ன குடி?”

“ஹாஷிம் குடி,” என்றது திரை. ஒரு மூச்சுக்கூட எடுக்கவில்லை.

“அவர் தைம் குடியில கலியாணம் முடிக்கார். மகன் பொறக்கிறார். மகன்?”

“தைம் குடி. இதென்ன சேர் கேள்வி? பால்குடிப் புள்ளைக்கும் தெரியும். தயிர் போடவா?”

பேராசிரியர் பஸாலிடம் திரும்பினார். கண் சுருங்கியிருந்தது. “நீங்க சொல்லி வச்சீங்களா?”

“இல்ல சேர். காலையில இருந்து அவ கோழியோட நிண்டா.”

அதற்குப் பிறகுதான் பேராசிரியர் அப்துல் ஸமட் சிரித்தார். அப்படிச் சிரிக்கக்கூடிய உடம்பு அவருக்கு இருந்ததை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. தொப்பி சாய்ந்தது. அபூசாலி பயந்துபோய்த் தண்ணீர் நீட்டினார்.

“பார்த்துத்தான் எழுதியிருக்காங்க,” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “உம்மாமாரைப் பார்த்து எழுதியிருக்காங்க! அந்தத் தமிழ்ப் பிள்ளை?”

“காரைதீவிலயும் குடி இரிக்கி சேர். கோவிலுக்கும் அப்பிடித்தான். அவங்களும் தாய்வழி.”

“அந்தப் புத்தளத்துப் பையன்?”

“அவங்கட பக்கம் இல்ல.”

இதைச் சொல்லும்போதுதான் பஸாலுக்கு அந்தப் பகல் வகுப்பு நினைவுக்கு வந்தது. மார்கழி மழை. இரண்டு மணி. பாதிப் பேர் தூக்கம். குறைஷிக் கோத்திரங்களைப் பலகையில் எழுதிக்கொண்டே போனான். ஒருவரும் நிமிரவில்லை. சலித்துப்போய்த் திரும்பி, “இதொண்டும் புதினமில்ல. எங்கட குடிகள் மாதிரித்தான்,” என்றான். வகுப்பு விழித்துக்கொண்டது. “சேர் என்ன குடி?” “இவன் லெவ்வை குடி சேர், வாய் நீளம்!” சிரிப்பு. அவனும் சிரித்தான், தாமதமில்லாமல். அதற்குள் நேரம் முடிந்தது. அரபிகள் வாப்பா வழியால் எண்ணுகிறவர்கள் என்ற ஒரு வசனத்தைச் சொல்லவில்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்றுகூட நினைக்கவில்லை. எப்படி நினைப்பான்? அவனும் உம்மாவின் குடிதான்.

பேராசிரியர் சிரித்து முடித்துத் தயிரில் கித்துள் பாணி ஊற்றிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தப்பிவிட்டார்கள். இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு, இனிப்பாக வரவிருந்த வட்டிலப்பத்துக்குக் காத்திருந்தால் விஷயம் நல்லபடி முடிந்திருக்கும். வாயை மூடிக்கொண்டிருப்பதில் பஸாலுக்கு நல்ல பயிற்சியும் உண்டு.

“பிழை பிள்ளையள்ட இல்ல சேர்,” என்றான். “யதுசா சொன்னது சரி. நான்தான் எங்கட குடி மாதிரி எண்டு சொன்ன. வித்தியாசத்தைச் சொல்லல்ல.”

பேராசிரியரின் கரண்டி நின்றது. தொப்பி மறுபடி நேரானது.

“அப்ப இது படிப்பிச்ச பிழை.”

“ஓம் சேர்.”

“நான் அதை எழுத வேண்டி வரும்.”

“எழுதுங்க சேர்.”

திரை சும்மா இருக்கவில்லை. “எழுதட்டும்! எங்கட மருமகனுக்கு டோஹாவில வேல காத்திட்டு இரிக்கி. விசாவும் இரிக்கி. இந்த ஆறு மாச வேலைக்கு நாங்க ஒண்டும் தவிச்சிட்டு இல்ல!” குரல் உயர்ந்து, கடைசியில் கொஞ்சம் கிழிந்தது.

“நான் டோஹாவுக்குப் போகல்ல மாமி,” என்றான் பஸால்.

அபூசாலி நிமிர்ந்தார். இரண்டு வருடக் கேள்விக்குப் பதில் இப்படிப் பாயில் சோற்றுக்கும் தயிருக்கும் நடுவில் வந்து விழும் என்று அவர் நினைக்கவில்லை.

“எனக்கு இந்த வேல வேணும் சேர்,” என்றான் பஸால். “நீங்க எழுத வேண்டியதை எழுதுங்க. ஆனா எனக்கு வேணும்.”

வேணும் என்ற சொல் அவன் வாய்க்குப் புதிதாக இருந்தது. காது சூடாகிவிட்டது.

பேராசிரியர் கரண்டியை வைத்தார். சுற்றிப் பார்த்தார். ஒரு மருமகன் இருக்கிறான். மாமி, மாமா இருக்கிறார்கள். சுவரில் ஒரு கொழுவியில் பெண்பிள்ளையின் பச்சை முக்காட்டுத் துணி ஒன்று மடித்துத் தொங்கியது. இந்த ஊர்களில் யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை என்பது அவருக்கும் தெரியும். கேட்கவில்லை.

திரையின் கீழால் வட்டிலப்பம் வந்தது. பேராசிரியருக்கு ஒரு துண்டு. பஸாலுக்கு மூன்று.

அறிக்கை அடுத்த வாரம் வந்தது. கச்சிமுகம்மது கதவைச் சாத்திவிட்டு வாசித்தார்.

“‘பார்த்தெழுதல் நிகழவில்லை. வம்சவழி பற்றிய விளக்கம் மோசமான குறைபாடுடையது.’ மோசமான எண்டு போட்டிரிக்காரு பஸால். நான் சொன்னனே, ஒரு வரி போதும் எண்டு.”

பஸால் ஜன்னலைப் பார்த்தான்.

“பொறுங்க, இன்னும் இரிக்கி. ‘ஆகவே இக்குறையை ஏற்படுத்திய அதே ஆசிரியரே அதே அத்தியாயத்தை அடுத்த அரையாண்டில் அதே மாணவருக்கு முழுமையாக மீளக் கற்பித்து, அந்த வினாவுக்கு மட்டும் மறுபரீட்சை நடத்த வேண்டும்.’” தலைவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “அதே ஆசிரியரே.”

“ஓம்.”

“அடுத்த அரையாண்டில.”

“ஓம் சேர்.”

“நீங்க இந்த மாசத்தோட போறீங்க எண்டா, அடுத்த அரையாண்டில அதே ஆசிரியருக்கு நான் எங்க போற?” அவர் முகம் மெல்ல மலர்ந்தது. “புதுப்பிக்காம தண்டனைய நிறைவேத்த ஏலாது. நான் இண்டைக்கே மேல எழுதுறன்.”

குடுவையைத் திறந்தார். தேநீரை ஊற்றினார். குடித்தார். அது நேற்றைய தேநீர் போல, முகத்தைச் சுளித்தார். ஆனால் முழுவதையும் குடித்தார்.

அடுத்த அரையாண்டின் முதல் வகுப்பில் ஆளுக்கு இடம் போதவில்லை. பஸால் பலகையில் இரண்டு மரம் வரைந்தான். ஒன்று உம்மா வழி, மற்றது வாப்பா வழி. நடுவில் தடித்த கோடு. “இந்தக் கோட்டைத்தான் நான் போன முறை மறந்த,” என்றான். “ஒங்களுக்கு ஒரு மறுபரீட்சை. எனக்கும்தான்.”

யதுசா கையை உயர்த்தினாள். “சேர், அப்ப அந்தக் காலத்து மாப்பிள்ளைமார் கலியாணம் முடிச்சி எங்க இருந்தவங்க?”

“பொதுவாப் பொண்ணைத் தங்கட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க.”

பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை, “பாவம், மாமிமார் யாரோட சண்ட புடிப்பாங்க?” என்றாள். வகுப்பு கவிழ்ந்தது. பஸால் சோக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான். புத்தளத்துப் பையன் மட்டும் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தான்.

மாலையில் படியேறினான். சேவல் நின்றது. மாமி கதவில் நின்றாள்.

“புதுப்பிச்ச காயிதம் கைக்கு வந்திட்டு மாமி. ஆறு மாசம்.”

“ஆறு மாசந்தானா? பள்ளிக்கூடத்துப் பூனைக்கும் இதவிடக் கூடக் குடுப்பாங்க.” முகத்தைத் திருப்பி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “சரி. நானும் ஆறு மாசத்துக்குப் புதுப்பிச்சித் தாறன். ஆனா நிபந்தனை இரிக்கி.”

“என்ன நிபந்தனை?”

“கோழிக்கூடு கழுவணும். கிழமைக்கு ஒருக்கா. மாமாக்கு இடுப்புப் புடிச்சிட்டு.”

உள்ளே டெலிபோன் அடித்தது. டோஹா. அபூசாலி எடுத்து, “இந்தா இரிக்கான், கேளு,” என்று நீட்டினார்.

“நானா,” என்றான் பஸால், “அந்த விசாவை வேற ஆருக்கும் குடுங்க.”

“ஏன்டா? அங்க என்ன பெரிய வேல கிடைச்சிட்டு?”

பஸால் கூட்டைப் பார்த்தான். நாறியது.

“ரெண்டு வேல,” என்றான். “ரெண்டும் தற்காலிகம்தான்.”